டிம் பண்ணும் நேரத்துக்கு ஒரு கண்: பிக்கப்பில் நானே கட்டிய ஐஆர் விளக்கு

ராத்திரியில் காலி ரோடு அவ்வளவு பயமில்லை. ஹை பீம் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தெரியும். கஷ்டம் எதிரே வண்டி வரும்போதுதான். நாம் டிம் பண்ணுவோம். அவர் பண்ணுவார், பண்ணாமலும் வருவார். இரண்டு வண்டியும் தாண்டிப் போகும்வரை நாலைந்து விநாடி, அவருடைய வெளிச்சத்துக்குப் பின்னால் ரோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி, உத்தனப்பள்ளி, சானமாவு வழியாக ஓசூர் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திடீர் பிரேக் அடித்து கிரேட் சரிந்த கதைகளில் பாதிக்கு மேல் அந்த நாலைந்து விநாடிக்குள் நடந்ததாகத்தான் இருக்கும்.

அந்த இருட்டுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ரிஃப்ளெக்டர் இல்லாத கரும்பு டிரெய்லர், டெயில் லைட் எரியாத மொபெட், ரோட்டிலேயே படுத்துவிட்ட எருமை, கறுப்புப் போர்வையோடு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிற பெரியவர். ஐப்பசி பிறந்து ராகி கதிர் பிடித்துவிட்டால் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று யானைக் கூட்டம் இறங்கி வரும். தை மாதம் தாண்டியும் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளைக்குப் புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த ரோட்டில், நல்ல டயரில், இன்னும் 20 மீட்டர். ஆக 45. லோடு ஏறியிருந்தால் கூடும். 80-ல் போனால் எழுபதைத் தொடும். லோ பீமில் கறுப்பாக இருக்கிற ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவதே 40, 50 மீட்டரில்தான். அதிலும் எதிர் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தால் அந்த ஐம்பதும் கிடையாது. வேகத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதோடு சேர்த்து, டிம் பண்ணுகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் தூரமாகப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். கண்ணுக்குத் தெரியாத ஐஆர் (இன்ஃப்ராரெட், அகச்சிவப்பு) வெளிச்சத்தை ரோட்டில் அடித்து, அதைப் பார்க்கிற கேமராவின் படத்தை ஒரு சின்னத் திரையில் காட்டுவதுதான் அந்த வழி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, திரையைப் பார்த்து ஓட்டுகிற விளையாட்டுக்கு இது இல்லை. அப்படி ஓட்டினால் எதிரே வருகிறவருக்கு நாம் இருப்பதே தெரியாது. திரையில் ஆழம் தெரியாது, ஓரப் பார்வையும் இருக்காது. ஹெட்லைட் எப்போதும் போல எரியும். ஐஆர் அதற்குத் துணை, அவ்வளவுதான். என் வண்டியில் ஹெட்லைட் சுவிட்ச் போட்டால்தான் ஐஆர் விளக்குக்கே கரண்ட் போகும், ரிலே அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

கார் கம்பெனிகள் இதை ரொம்ப நாளாகச் செய்கின்றன. 2000-ல் காடிலாக் டெவில் காரில் வந்தது வெப்பப் படம் எடுக்கும் கேமரா. உடம்புச் சூட்டையே பார்க்கும், அதனால் தனியாக விளக்கு தேவையில்லை. ஆனால் அந்த அலைநீளம் கண்ணாடியைத் தாண்டாது, கேமராவை வண்டிக்கு வெளியேதான் வைக்க வேண்டும், விலையும் நம்ம கைக்கு எட்டாது. 2002-ல் டொயோட்டா லேண்ட் குரூசர் சிக்னஸிலும், 2005-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலும் வந்தது இன்னொரு வகை. கண்ணுக்குத் தெரியாத ஐஆர் வெளிச்சத்தை நாமே அடித்து, அது பட்டுத் திரும்புவதைச் சாதாரண சிலிக்கான் கேமராவில் பிடிப்பது. வீட்டு வாசலில் மாட்டுகிற சிசிடிவி ராத்திரியில் செய்கிற அதே வேலை. நம்மால் வீட்டில் கட்ட முடிகிறது இந்த இரண்டாவதுதான்.

மனிதக் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள வெளிச்சத்தைப் பார்க்கும். கேமரா சென்சார் ஆயிரத்தைத் தொடும் வரை பார்க்கும். கடையில் கிடைக்கிற ஐஆர் எல்இடி இரண்டு வகை: 850, 940 நானோமீட்டர். டிவி ரிமோட்டில் இருப்பது பெரும்பாலும் 940. சாமானுக்கு நான் போனது பெங்களூர் எஸ்.பி. ரோடு. ஓசூர்க்காரர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவைவிட அதுதான் பக்கம்.

என் மச்சான் ஓசூரில் சிசிடிவி மாட்டுகிறவன். அவனிடமிருந்த 12 வோல்ட் ஐஆர் போர்டு ஒன்றை வாங்கி பம்பரில் கட்டிப் பார்ப்பதில்தான் தொடங்கினோம். 5 மி.மீ. எல்இடிகள் வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு சின்ன எல்டிஆர் (வெளிச்சத்தை உணர்கிற பொருள்) இருக்குமே, அந்த போர்டு. வீட்டுக்கு எதிரே அருமையாக எரிந்தது. தெருவிளக்குக்குக் கீழே வந்ததும் அணைந்தது.

“மாமா, எல்டிஆர் மேல கறுப்பு டேப் ஒட்டுங்க. வெளிச்சம் பட்டா பகல்னு நினைச்சு ஆஃப் ஆயிடும்” என்றான் மச்சான்.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். எதிர் வண்டி ஹெட்லைட் அடிக்கிற அந்த நேரத்துக்காகத்தான் விளக்கையே மாட்டுகிறோம். அப்போது பார்த்து எல்டிஆர் அதை அணைத்துவிட்டால் மாட்டியும் பிரயோஜனம் இல்லை. ரெடிமேட் போர்டு வாங்குகிறவர்கள் முதல் வேலையாக எல்டிஆரை ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிவிடுங்கள்.

அந்த போர்டின் வெளிச்சம் 20, 25 மீட்டரைத் தாண்டவில்லை. காரணம் எல்இடி எண்ணிக்கை இல்லை, கோணம். சிசிடிவி போர்டு ஒரு வாசல் முழுக்க வெளிச்சம் பரப்ப வேண்டும், அதனால் 60, 90 டிகிரிக்கு விரிந்து அடிக்கும். ரோட்டுக்கு அது வீண். தூரம் இரண்டு மடங்கானால் அங்கே விழுகிற வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஆகவே தூரத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு எல்இடி வேண்டும். அல்லது அதே எல்இடியில் கோணத்தைப் பாதியாக்கினால் போதும். 20 டிகிரியை 10 டிகிரி ஆக்கினால் நடுவில் வெளிச்சம் சுமார் நாலு மடங்கு கூடும், கரண்ட் ஒரு மில்லிஆம்ப்கூட ஏறாது. காசு செலவழிக்கிற இடம் லென்ஸ்தான், எல்இடி இல்லை.

சோல்டரிங் பழகுகிறவர்கள் 5 மி.மீ. எல்இடியிலேயே தொடங்கலாம், கணக்கு சுலபம். ஒரு எல்இடி 1.5 வோல்ட் எடுக்கும். ஆறு எல்இடி வரிசையில் போட்டால் 9 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.4 வரை வரும். மீதி 5.4 வோல்ட்டை 120 ஓம் ரெசிஸ்டர் வாங்கிக்கொண்டால் 45 மில்லிஆம்ப் ஓடும். ரெசிஸ்டரில் கால் வாட் சூடு, அதனால் அரை வாட் ரெசிஸ்டர் போடுங்கள். இந்த எல்இடிகள் பலவும் 100 மில்லிஆம்ப் வரை தாங்கும் என்றுதான் போட்டிருக்கும். மூடிய டப்பாவுக்குள் பாதிதான் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று 12-க்கே கணக்குப் போட்டால் ஓடுகிற வண்டியில் எல்லாம் கூடிவிடும். 14.4 தான் நம் எண்.

நான் கடைசியாக வண்டியில் வைத்திருப்பது வேறு. நட்சத்திர வடிவ அலுமினிய போர்டில் வருகிற 3 வாட் ஐஆர் சிப், ஒவ்வொன்றுக்கும் 10 டிகிரி லென்ஸ். ஐந்து சிப் வரிசையில், சுமார் 8 வோல்ட். அதை ஓட்ட 700 மில்லிஆம்ப் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், அதாவது கரண்டை ஒரே அளவில் வைத்துக் கொடுக்கிற சின்ன சர்க்யூட். இந்தப் பெரிய சிப்புக்கு ரெசிஸ்டர் போட்டால் ரெசிஸ்டரே அடுப்பாகிவிடும், டிரைவர்தான் சரி. டிரைவர் வாங்கும்போது 30 வோல்ட்டுக்கு மேல் தாங்குகிறதா என்று பாருங்கள். வண்டி லைனில் ஆல்டர்னேட்டர் தூக்கி அடிக்கிற வோல்டேஜ் சாதாரண 12 வோல்ட் சாமானைப் பொசுக்கிவிடும். எல்இடிக்குப் போகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் மாறும், சூடு ஏற ஏற வெளிச்சம் குறையும். ஆகவே விரல் நீளத் தகடு உள்ள அலுமினிய ஹீட் சிங்க், நடுவில் தெர்மல் பேஸ்ட். பைக் ஃபாக் லைட்டின் பழைய கூடு ஒன்று அளவாகப் பொருந்தியது. கண்ணாடி, அக்ரிலிக் இரண்டும் இந்த ஐஆரை விடும், பயப்பட வேண்டாம். பேட்டரியிலிருந்து வருகிற வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது உதவாது.

850 போடுவதா, 940 போடுவதா? தூரம் மட்டும் பார்த்தால் 850. கேமரா 850-ஐப் பார்க்கிற அளவில் பாதிகூட 940-ஐப் பார்க்காது பல சென்சார்களில். ஆனால் 850 எல்இடியை நேரே பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். வண்டியின் முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் காட்டக் கூடாது என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. அந்த விதி சும்மா வந்ததும் இல்லை. இருட்டில் சிவப்பைப் பார்த்தால் தனக்கு முன்னால் ஒரு வண்டி போகிறது என்றுதான் எதிரே வருகிறவர் நினைப்பார். அதனால் நான் 940-க்கு மாறி, குறைந்த தூரத்தை ஈடுகட்ட ஐந்து சிப் வரிசையை இரண்டாக்கினேன். சோனி ஸ்டார்விஸ் வகை சென்சார் உள்ள கேமரா ஐஆரை நன்றாகவே பார்க்கிறது, அதுவும் கைகொடுத்தது.

விளக்கு கட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கேமராதான் உண்மையில் மண்டையைக் குடைந்த பகுதி.

சாதாரண கேமரா லென்ஸுக்குப் பின்னால் ஐஆரைத் தடுக்கிற ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அது இருக்கும்வரை நீங்கள் எவ்வளவு ஐஆர் அடித்தாலும் படம் கறுப்புதான். சிசிடிவி கேமராவில் அதை நகர்த்த ஒரு சிறு காந்த அமைப்பு உண்டு. இருட்டானதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான். அந்த கேமராவை மெனுவில் போய் எப்போதும் கறுப்பு-வெள்ளையில் இருக்கும்படி வைத்துவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு எதிர் வண்டிக்கும் டக், டக் என்று மாறிக்கொண்டே இருக்கும், மாறுகிற நேரத்தில் படம் வெளுத்துப் போகும்.

அப்புறம் லென்ஸ். கேமராவோடு வருகிற 3.6 மி.மீ. லென்ஸ் 65, 70 டிகிரி அகலம் காட்டும். நூறு மீட்டரில் நிற்கிற ஆள் அதில் எறும்பு மாதிரி. 12 மி.மீ. லென்ஸ் போட்டால் 22, 23 டிகிரி. நம் விளக்கின் 10 டிகிரிக்கும் கொஞ்சம் கிட்டே வரும். அரை மீட்டர் அகலமுள்ள ஒரு ஆள் நூறு மீட்டரில் இருபத்து நாலு புள்ளி அகலத்துக்கு வருவார், ஆள் என்று சொல்ல அது போதும். லென்ஸ் மாற்றிய பிறகு ஃபோகஸைப் பகலில் வைக்காதீர்கள். ஐஆர் வெளிச்சத்துக்கு ஃபோகஸ் இடம் சற்று விலகியிருக்கும். ராத்திரியில், ஐஆர் விளக்கைப் போட்டு, தூரத்தில் ஒரு நம்பர் பிளேட்டை வைத்துத் திருகிக்கொள்ளுங்கள். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் பூட்டிவிடுங்கள். கேமரா தன்னிஷ்டத்துக்கு 1/25-க்குப் போனால் 60 கி.மீ. வேகத்தில் ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் வண்டி 60 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், எல்லாம் இழுத்துப் பூசியது போல இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தாமதம். வைஃபை கேமரா வாங்கிவிடாதீர்கள். சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கேமராவுக்கு எதிரே வையுங்கள். அந்த போனும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இன்னொரு போனில் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். நாங்கள் பார்த்த வைஃபை கேமராவில் முக்கால் விநாடி வந்தது. 60-ல் அது 12 மீட்டர். திரையில் எருமை பத்து மீட்டர் தள்ளி நிற்கும்போது நிஜத்தில் வண்டி அதன் மேல் ஏறியிருக்கும். வயரில் போகிற ஏஎச்டி (அனலாக் எச்டி) கேமராவை நேராகத் திரையோடு இணைத்தால் தாமதம் கண்ணுக்கே தெரியாது. நடுவில் டிவிஆர் எதுவும் வேண்டாம்.

இனி வருவதுதான் இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கேமராவுக்கு ஐஆர் தெரிய வேண்டும், எதிர் ஹெட்லைட் தெரியக் கூடாது. லென்ஸுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுத்து ஐஆரை மட்டும் விடுகிற ஃபில்டர் ஒன்றை வைத்தால் நடக்கும். கடையில் அதற்கென்றே கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் சோதிக்க, பழைய கலர் ஃபிலிம் ரோலின் முனையில் முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்த துண்டு போதும். ஊரில் பழைய போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் கேட்டால் ஒரு கத்தையே கொடுப்பார். டெவலப் ஆன கலர் ஃபிலிமாக இருக்க வேண்டும், இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஆகாது, அதிலிருக்கும் வெள்ளி ஐஆரையும் தடுத்துவிடும்.

அதை ஒட்டிவிட்டு ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, எதிரே வருகிற வண்டிகளைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தோம். கண்ணைப் பறிக்கிற புது எல்இடி ஹெட்லைட் கார் ஒன்று வந்தது. திரையில் இரண்டு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். அதன் பின்னால் வருகிற சைக்கிள்காரர் முழுசாகத் தெரிந்தார். அடுத்து வந்த பழைய லாரி மங்கல் மஞ்சள் லைட்டோடு வந்தது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, திரையோ வெள்ளையாகப் பூத்துவிட்டது. காரணம் இதுதான். வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் ஐஆர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஹாலஜன் பல்பு வெளிச்சத்தைவிட ஐஆரைத்தான் அதிகம் கக்குகிறது. ஆகவே எந்த வண்டி நம் கண்ணை ரொம்பக் கஷ்டப்படுத்துகிறதோ அதற்கு எதிராகத்தான் இந்தக் கேமரா நன்றாக வேலை செய்கிறது. ரோட்டில் எல்இடி ஹெட்லைட் கூடிக்கொண்டே போகிற காலத்தில் இது நமக்கு நல்ல செய்தி. ஹாலஜன் வரும்போது திரையை நம்பாமல் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

திரையில் பார்ப்பதைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். மனை பிரித்துப் போட்ட ஒரு காலி இடத்தில் கயிறு பிடித்து தூரம் குறித்து, வீட்டு ஆட்களைப் பல நிறத் துணியோடு நிற்க வைத்துப் பார்த்தோம். கறுப்புச் சட்டைகள் பலவும் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ தெரிந்தன. துணிச் சாயம் நிறைய ஐஆரை உறிஞ்சுவதில்லை. தார் ரோடு கறுப்பாகவே இருக்கும். புளியமரத்து இலை, புல், ராகிப் பயிர் எல்லாம் பனி விழுந்தது போல வெள்ளை. பச்சை இலை ஐஆரை அப்படியே திருப்பி அடிக்கும். மாடு, நாய், பூனை கண்கள் இரண்டு விளக்காக மின்னும். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கண்ணைக் கூசும் அளவுக்கு எரியும்.

சானமாவு காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விடியற்காலை இந்தப் பழக்கம் உதவியது. எதிரே கார், டிம் பண்ணியிருந்தேன். திரையில் இடது ஓரம் முழுக்க வெள்ளையான மரங்கள், நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை இல்லை, அடர்ந்த சாம்பல் நிறத்தில் ஒரு கட்டை.

“அண்ணா, அது பாறைங்களா?” என்று கேட்டான் கூட வந்த லோடு தம்பி.

“இந்த இடத்துல ஏதுடா பாறை” என்று சொல்லிக்கொண்டே ஓரம் கட்டினேன். கட்டையின் கீழ்ப்பக்கம் ஒரு கால் மாற்றி வைத்தது. எதிர் கார் தாண்டிப் போன பிறகு லோ பீமில் அங்கே ஒன்றுமே தெரியவில்லை, இருட்டுதான். நாங்கள் ரிவர்ஸ் எடுத்துப் பின்னால் போய், பின்னால் வந்த வண்டிகளையும் கை காட்டி நிறுத்தினோம். யானை தோட்டத்துப் பக்கம் இறங்கிப் போகும்வரை யாரும் ஹாரன் அடிக்கவில்லை, ஹை பீம் போடவில்லை. யானையைப் பார்த்தால் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான்: தூரத்திலேயே நிற்பது, ஹாரனும் பிரைட்டும் தவிர்ப்பது, கீழே இறங்கி போட்டோ எடுக்காமல் இருப்பது, வனத்துறைக்குச் சொல்வது.

இதே பொருளைக் காட்டுக்குள் மிருகம் தேடக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், காவிரி தெற்கு சரணாலயம் இரண்டும் நம் மாவட்டங்களைத் தொட்டுத்தான் இருக்கின்றன. ராத்திரியில் நைட் விஷனோடு காட்டில் சுற்றுகிறவரை வேட்டைக்காரர் என்றுதான் வனத்துறை பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ரோட்டில் உயிர் காக்கக் கட்டியது ரோட்டிலேயே இருக்கட்டும்.

பனிமூட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மார்கழியில் தளி, ஓசூர் பக்கம் இறங்குகிற மூட்டத்தை ஐஆர் துளைத்துப் போகும் என்பது தப்பான நம்பிக்கை. மூட்டத்தின் நீர்த்துளி நம் ஐஆர் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. வெள்ளை வெளிச்சம் எப்படிச் சிதறுகிறதோ அதே மாதிரிதான் ஐஆரும் சிதறும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் எழும்புமே, திரையிலும் அதே சுவர்தான். வைக்கோல் எரித்த லேசான புகையில் மட்டும் கொஞ்சம் தெளிவு கூடுகிறது, அந்தத் துகள் ரொம்பச் சின்னது. மூட்டத்தில் நான் திரையை அணைத்துவிட்டு இருபது, முப்பதில் உருட்டுகிறேன்.

மலைப்பாதையிலும் இதற்கு எல்லை உண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வளைவுகளில் 10 டிகிரி வெளிச்சம் நேரே பாறையிலோ பள்ளத்திலோதான் போய் விழும். அங்கே போகிறவர்கள் விரிந்து அடிக்கிற பழைய போர்டையும் கூடவே வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பது எந்த விளக்குக்கும் தெரியாது. தொப்பூர் கணவாயில் பிரச்சினை இறக்கமும் பிரேக்கும் வேகமும். அதற்கு இது மருந்தே இல்லை.

மாட்டுகிற இடத்துக்கு வருகிறேன். விளக்கு கண்டிப்பாகக் கண்ணாடிக்கு வெளியே, கிரில்லிலோ பம்பரிலோ. உள்ளே வைத்தால் முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி கேமராவையே குருடாக்கும். கேமரா உள்ளே, வைப்பர் துடைக்கிற பகுதிக்குப் பின்னால். பச்சைச் சாயல் உள்ள முன் கண்ணாடி ஐஆரில் ஒரு பங்கை விழுங்கும். சில புது வண்டிகளில் வெயில் சூட்டைத் தடுக்கப் பூச்சு இருக்கும், அதில் இன்னும் மோசம். வாங்குவதற்கு முன் கண்ணாடிக்கு ஒரு பக்கம் டிவி ரிமோட்டையும் மறுபக்கம் போனின் செல்ஃபி கேமராவையும் வைத்துப் பாருங்கள். ரிமோட்டின் மினுக்கல் எவ்வளவு மங்குகிறது என்பதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

திரை ஐந்து அங்குலம் போதும். ஸ்டீயரிங்குக்கு மேலே பார்வை போகிற வழியில் வைக்காமல், டேஷ்போர்டு ஓரத்தில் தாழ்வாக. வெளிச்சத்தை ஆகக் குறைவில் வையுங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், பளிச்சென்ற திரை அதை ஒரே பார்வையில் கெடுத்துவிடும். நான் திரை மேல் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டியிருக்கிறேன், சிவப்பு வெளிச்சம் இருட்டுப் பார்வையைக் குறைவாகவே கெடுக்கும். சைடு மிரரைப் பார்ப்பது போல ஒரு நொடி பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். எதிர் வண்டி இல்லாதபோது நான் அதைப் பார்ப்பதே இல்லை.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். ஐஆர் கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது, கண் பாப்பாவும் சுருங்காது. ஆனால் சூடு உள்ளே போகும். ஐஇசி 62471 என்கிற சர்வதேசத் தரம், நீண்ட நேரம் கண்ணில் படுகிற ஐஆருக்குச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று எல்லை வைத்திருக்கிறது. ரோட்டில் பல மீட்டர் தள்ளிப் போகிறவருக்கு இந்த விளக்கு அதன் பக்கத்தில்கூட வராது. பட்டறையில் லென்ஸ் போட்ட சிப்பை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ‘எரியுதா’ என்று உற்றுப் பார்க்கிறவருக்குத்தான் ஆபத்து. எரிகிறதா என்பதை போன் கேமராவில் பாருங்கள். வீட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வண்டியில் நாமாகச் சேர்ப்பது எதுவாக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஞாபகத்தில் இருக்கட்டும். கம்பெனி அமைப்பை மாற்றுவதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. அதனால் நான் ஹெட்லைட் வயரை வெட்டவில்லை, பாடியில் ஓட்டை போடவில்லை. தனி ரிலே, கிளாம்ப், கழற்றினால் வந்துவிடுகிற கனெக்டர். எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போகும்போது பத்து நிமிடத்தில் எல்லாம் கையோடு வந்துவிடும்.

மொத்தச் செலவு ஒரு பின் டயர் விலைக்குள் முடிந்தது, அதில் பெரும்பங்கு கேமராவும் திரையும். இப்போது பராமரிப்பு என்று பார்த்தால் தூசிதான். செம்மண் தடத்தில் தோட்டத்துக்குள் போய் வந்தால் விளக்கின் கண்ணாடி மேல் ஒரு படலம் ஒட்டிவிடும், நூறு மீட்டர் வெளிச்சம் அறுபதுக்கு வந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்பதால் குறைந்ததே நமக்குத் தெரியாது. லோடு ஏற்றும்போது முன் கண்ணாடியைத் துடைக்கிற ஈரத்துணியால் பம்பரையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவான் லோடு தம்பி. மழைக்காலத்துக்கு முன் கூட்டின் விளிம்பில் சிலிக்கான் புதுசாகப் பூசி, கீழே ஊசி முனை அளவுக்கு ஒரு துளை விட்டுவிட வேண்டும். முழுக்க அடைத்தால் சூட்டுக்கு உள்ளே வேர்த்து லென்ஸ் மங்கிவிடுகிறது.